மெட்டி இறுகுகிறது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. போன வருடம் பிரஷர் 164/98 இருந்தது. எனலாபிரில் 5 மி.கி. கொடுத்தார்கள், பிரஷர் இறங்கியது. ஆனால் ஒரே மாதத்தில் வறட்டு இருமல், ராத்திரி படுத்தாலே தொண்டை நமநமவென்று அரிக்கும். இருமல் மருந்து மூன்று பாட்டில் குடித்தேன், எக்ஸ்ரேயும் எடுத்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. அதிமதுரம் நல்லது என்றார்கள், தினமும் மென்றேன், இதமாக இருந்தது. இதற்குள் பிரஷர் மறுபடி ஏறிவிட, வேறு டாக்டர் அம்லோடிபின் 5 எழுதி, அப்புறம் 10 ஆக்கினார். இருமல் போய்விட்டது. இப்போது சாயங்காலமானால் இரண்டு காலும் வீங்கி மெட்டி இறுகுகிறது, செருப்பு வார் தடம் அப்படியே பதிகிறது. நான்கு நாளாக மாத்திரையை நிறுத்திவிட்டேன், வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது, உடம்புக்கும் ஒன்றும் செய்யவில்லை. பக்கத்து வீட்டு அக்கா டெல்மிசார்டன் 40 போடுகிறார், அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லையாம். அதையே வாங்கிப் போடலாமா? தொண்டை கரகரத்தால் இன்னும் அதிமதுரம் மெல்கிறேன்.
வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்த அதிமதுரத்தை நிறுத்துங்கள். கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அதிலுள்ள கிளிசிரைசின் என்ற பொருள் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் செய்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். என்றைக்கோ ஒரு நாள் ஒரு துண்டு மென்றால் பரவாயில்லை, மாதக்கணக்கில் தினமும் மென்றால் பிரஷர் ஏறும். எனலாபிரில் இருமலைக் கொடுத்தது, இருமலுக்காக மென்ற அதிமதுரம் பிரஷரை ஏற்றியிருக்கலாம், ஏறிய பிரஷருக்காக அடுத்த மாத்திரையின் அளவு கூடியிருக்கலாம். நாட்டு மருந்து, சித்த மருந்து என்ன எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அந்த இருமல் நுரையீரல் கோளாறு இல்லை. எனலாபிரில், ராமிபிரில் வகை மாத்திரைகள் பிராடிகைனின் என்ற பொருளை உடம்பில் சிதையவிடாமல் தடுக்கும், அதுதான் தொண்டையை அரிக்கும். (பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷம் இதே வேலையைச் செய்வதைக் கவனித்து, அந்த வழியில் போய்த்தான் இந்த வகையின் முதல் மாத்திரையான காப்டோபிரிலையே உருவாக்கினார்கள்.) மாத்திரையை மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் இருமல் நின்றுவிடும், மாற்றாமல் இருமல் மருந்து மூன்று பாட்டில் குடித்தாலும் நிற்காது. இனி எந்த டாக்டரிடம் போனாலும் "எனலாபிரில் எனக்கு இருமல் கொடுத்தது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கால் வீக்கத்துக்கு வருவோம். உங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய்க்கால் கணக்குச் சொன்னால் புரியும். மதகை அகலமாகத் திறந்துவிட்டு வடிகாலைத் திறக்காவிட்டால் தண்ணீர் வயலில்தானே தேங்கும்? அம்லோடிபின் ரத்தம் உள்ளே வரும் தமனிகளை நன்றாக விரிக்கிறது, திரும்பிப் போகும் சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை, அதனால் கணுக்காலில் நீர் கசிந்து நிற்கிறது. 5 மி.கி.யில் குறைவாகவும் 10 மி.கி.யில் அதிகமாகவும் வரும். நீர் பிரியும் மாத்திரை போட்டால் இந்த வீக்கம் அவ்வளவாகக் குறையாது. டெல்மிசார்டன் வகை சிரைகளையும் திறந்துவிடும் என்பதால், அம்லோடிபினை 5க்குக் குறைத்து அதோடு டெல்மிசார்டனைச் சேர்த்தால் பலருக்குக் கால் வடிந்துவிடுகிறது, பிரஷரும் கட்டுக்குள் நிற்கிறது. ஒரே மாத்திரையை இரட்டிப்பாக்குவதைவிட இரண்டு வகையைச் சின்ன அளவில் சேர்ப்பதுதான் பிரஷரை நன்றாக இறக்கும்.

அப்படியென்றால் அக்காவின் மாத்திரையே உங்களுக்கும் வரலாம், ஆனால் மெடிக்கலில் போய் நீங்களாக வாங்காதீர்கள். அதற்கு முன் ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும், ஆரம்பித்துச் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், அதை இந்த மாத்திரையோடு டாக்டரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை ஆகவே ஆகாது.

நிறுத்தி நான்கு நாள் ஆகியும் ஒன்றும் செய்யவில்லை என்கிறீர்கள். அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும், பாதி அளவு வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் பிரஷர் சத்தமில்லாமல் ஏறும், உங்களுக்குத் தெரியாது. நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். வீக்கம் ஒரு காலில் மட்டும் வலியோடு வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, முகமும் வீங்கினாலோ அது வேறு விஷயம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அதற்கடுத்த முறை போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோங்கள். அதற்கு முன் ஒரு வாரம், காலையும் மாலையும், ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை வீட்டில் பிரஷர் பார்த்து எழுதுங்கள். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, ரவிக்கைக் கையின் மேலேயே பிரஷர் மெஷின் பட்டையைச் சுற்றிப் பார்ப்பவர்கள்தான் நிறைய, அந்த எண்ணை நம்ப முடியாது. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள், கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் இருக்கட்டும், அதற்கு அரை மணி நேரம் முன்பு காபி வேண்டாம். பருமனான கைக்குப் பெரிய பட்டை வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத பிரஷரைக் காட்டும். வீட்டில் எடுக்கும் எண்களின் சராசரி 135/85க்குக் கீழே இருக்க வேண்டும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரை போட்டால் அதையும் அந்த நோட்டில் எழுதுங்கள், அதுவும் பிரஷரை ஏற்றும். மாத்திரைக்குக் காசு பிரச்சினை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் வேலை. பிரஷர் மாத்திரையைக் காலையில் போடுவதா, ராத்திரியா?
வாசகர், திருப்பூர்

பதில்: எப்போது போட்டாலும் பலன் ஒன்றுதான். பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2022ல் வெளியானது, காலைக்கும் இரவுக்கும் வித்தியாசம் இல்லை என்றுதான் வந்தது. நீங்கள் மறக்காத நேரம் எதுவோ அதுதான் சரியான நேரம். ஷிப்ட் மாறினாலும் மாத்திரை நேரத்தை மாற்றாதீர்கள். சீட்டில் நீர் பிரியும் மாத்திரை இருந்தால் மட்டும் தூங்கி எழுந்ததும் போடுங்கள், படுக்கப் போகும்போது போட்டால் தூக்கத்தில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கும்.