அது 14ஆம் நூற்றாண்டுப் படமாக இருக்க வழியில்லை

வணக்கம். கூம்புத் தொப்பி அணிந்த சீமாட்டி, பொன் மையில் மின்னும் ஆடை, அடியில் 'ஃபிர்மேன்-திதோ, பாரிஸ்' என்ற அச்சகப் பெயர். விற்பவர் இதை "14ஆம் நூற்றாண்டு அசல் செதுக்கோவியம்" என்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். செப்புத்தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிடும் கலை ஐரோப்பாவில் 1430களில்தான் தலையெடுத்தது. அந்தத் தொப்பியே 15ஆம் நூற்றாண்டில் பர்கண்டி, பிரான்ஸ் பக்கம் பரவிய நாகரிகம்.

பெரும்பாலும் இது 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் ஓகுஸ்த் ராசினேயின் உடை வரலாற்றுத் தொகுப்பிலிருந்து பிரித்த தாளாக இருக்கும். 1876 முதல் 1888 வரை வெளிவந்தது. மொத்தம் 500 படத்தாள்கள். வண்ணத் தாள்கள் செதுக்கியவையே அல்ல. நிறத்துக்கு ஒரு கல் என்று வைத்து, கல்லில் வரைந்து அடித்த கல்லச்சு. ஆகவே செதுக்கோவியத்தில் விழுவது போல ஓரத்தில் தகடு அழுந்திய தடத்தைத் தேடிப் பயனில்லை. 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். புள்ளிகள் ஒழுங்கற்று, கையால் இட்டவை போலிருந்தால் பழைய கல்லச்சு. பூ வடிவில் வரிசை பிசகாமல் கூடினால் பிற்கால ஆஃப்செட் நகல். எதுவானாலும் படச்சட்டத்தின் (ஃபிரேம்) விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

நாடக உடைக்கு மாதிரி ஆகுமா என்றும் கேட்டீர்கள். தோற்றத்துக்கு ஆகும், தையலுக்கு ஆகாது. ராசினே பழைய ஓவியங்களைப் பார்த்தே படியெடுத்தார் என்றாலும் இடையில் 19ஆம் நூற்றாண்டு ரசனை புகுந்துவிட்டது. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'காலிகா' தளத்தில் இடைக்காலக் கையெழுத்துப் படிகளின் சித்திரங்களை இலவசமாகவே பார்க்கலாம்.