லினக்ஸ் அப்டேட்டுக்குப் பிறகு கருப்புத் திரை: கார்டு போய்விட்டதா?

நேற்றுவரை ஓடிய என்விடியா கிராபிக்ஸ் கார்டு, அப்டேட் முடிந்து ரீபூட் செய்ததும் கருப்புத் திரையோடு நின்றால் கார்டைச் சந்தேகிக்க வேண்டாம். பெரும்பாலும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறியிருக்கும், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதோடு சேர்ந்து மாறியிருக்காது.

ஏஎம்டி, இன்டெல் டிரைவர்கள் கெர்னலுக்கு உள்ளேயே இருப்பதால் கூடவே வந்துவிடும். என்விடியாவின் டிரைவர் மாட்யூல் (கெர்னலில் ஏற்றப்படும் துண்டு) வெளியிலிருந்து வருவது. கெர்னலின் உள் இடைமுகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம் என்பதால், ஒவ்வொரு புது கெர்னலுக்கும் அதை மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். பல கணினிகளில் டிகேஎம்எஸ் என்ற கருவி இதைத் தானாகச் செய்யும், அந்தக் கெர்னலுக்குரிய ஹெடர் தொகுப்பு (கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்) இருந்தால். அது இல்லாவிட்டால் ஒரு வரி எச்சரிக்கையோடு அப்டேட் முடிந்துவிடும்; அதை யார் படிக்கிறார்கள்!

முதலில் கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். அப்புறம் ஹெடர்களை நிறுவி மாட்யூலை மறுபடி கட்டச் சொல்லுங்கள். கட்டியும் ஏறவில்லையா? கணினி தொடங்கும்போதே காவல் காக்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். கையொப்பமில்லாத மாட்யூலை அது ஏற்காது.

பழைய கார்டு என்றால் கதை வேறு. கெப்ளர் தலைமுறைக்கு 470 வரிசையும், ஃபெர்மிக்கு 390 வரிசையும்தான் கடைசி. புது டிரைவர் அவற்றை அடையாளமே காணாது. நூவோ என்ற திறமூல டிரைவருக்கு மாறலாம், விளையாட்டுகளில் வேகம் குறையும், ஆனால் திரை வரும்.

என்விடியா தளத்திலிருந்து நேரடியாக இறக்கிய நிறுவியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தொகுப்பு மேலாளருக்கே தெரியாமல் கோப்புகளை வைப்பதால் அடுத்த அப்டேட்டில் மோதல் வர வாய்ப்பு அதிகம்.