ஆய்வு மாத்திரைக்குக் கையெழுத்துப் போட்டவர் கணவர். குழந்தையின் பில்லை யார் கட்டுவது?

கேள்வி: என் தங்கைக்கு இது முதல் பிரசவம். ஏழாம் மாதம் பி.பி. ஏறியதால் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். புது மாத்திரை தருவதாகச் சொல்லி, அவள் கணவரிடம் ஓர் ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சில நாட்களில் குழந்தை குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருக்கிறது. கேஸ் ஷீட்டில் 'ஸ்டடி நம்பர்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை இப்போதுதான் கவனித்தோம். கேட்டால், "சம்மதம் கொடுத்துவிட்டீர்களே" என்கிறார்கள். குழந்தையின் பில்லையும் கட்டச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: 'ஸ்டடி நம்பர்' ஸ்டிக்கர் இருப்பதால், உங்கள் தங்கையை ஒரு மருந்து ஆய்வில் சேர்த்திருப்பதாகத் தெரிகிறது. முதலில் அந்தக் கையெழுத்தைப் பார்ப்போம். உங்கள் தங்கை வயது வந்தவர், சுயநினைவோடு இருந்தவர். அவர் உடம்பில் நடக்கும் ஆய்வுக்கு அவர்தான் சம்மதிக்க வேண்டும். அவருக்காகக் கணவர் கையெழுத்துப் போட முடியாது. சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபி பரிசோதனைக்கு வந்த ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயாரிடம் கேட்டுக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். அது சிகிச்சை சம்பந்தப்பட்ட வழக்கு. ஆய்வு என்றால் விதி இன்னும் கறார். 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். பிரதியும் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும். உங்கள் கேள்வியில் இந்த இரண்டுமே நடந்ததாகத் தெரியவில்லை.

அடுத்து பில். இதில்தான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. சம்மதம் கொடுத்தால் உரிமை எல்லாம் போய்விட்டது என்று நினைத்து, நகையை அடகு வைத்துக் கட்டிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சம்மதம் முறைப்படி வாங்கியிருந்தாலும், ஆய்வினால் வந்த பாதிப்புக்கு இழப்பீடு தரவேண்டும். எவையெல்லாம் ஆய்வினால் வந்த பாதிப்பு என்று அந்த விதிகளின் ஆறாவது அத்தியாயம் பட்டியல் போடுகிறது. பெற்றோர் ஆய்வில் பங்கேற்றதால் கருவில் இருக்கும் குழந்தைக்கு நேரும் பாதிப்பு அதில் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. சிகிச்சையை இலவசமாகத் தரவேண்டிய காலமும் அங்கேயே இருக்கிறது: தேவைப்படும் வரை, அல்லது பாதிப்புக்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை என்று நிலைநாட்டப்படும் வரை, இதில் எது முந்தியதோ அதுவரை. ஆகவே "தொடர்பில்லை என்று யார், எப்போது, எந்தக் காகிதத்தில் முடிவு செய்தார்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். வார்டில் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது. மருந்து ஆய்வைச் செய்யும் மருத்துவர், இதுபோன்ற கடுமையான பாதிப்பை 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், ஆய்வைப் பரிசீலித்து அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டிக்கும், ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கர்ப்பகால பி.பி.யே குறைப்பிரசவத்துக்குக் காரணமாகலாம். அவர்கள் அதைத்தான் வாதமாக வைப்பார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். கர்ப்பிணிகளிடம் ஆய்வே கூடாது என்பதும் என் கட்சியல்ல. இந்த நிலையில் வலிப்பு வராமல் இருக்கப் போடும் மெக்னீசியம் சல்பேட் ஊசி அந்த ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று நமக்குத் தெரிந்ததே, 33 நாடுகளில் சுமார் 10,000 கர்ப்பிணிகள் பங்கேற்ற ஆய்வு 2002-ல் வெளியான பிறகுதான். அந்தப் பெண்களைப் போல உங்கள் தங்கையும் விவரம் தெரிந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் நம் வழக்கு.

கடிதத்தோடு முழு கேஸ் ஷீட்டின் பிரதியையும் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை. ஒப்புதல் படிவம், எதிக்ஸ் கமிட்டியின் பதிவு எண், சிடிஆர்ஐ எண் மூன்றையும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். சிடிஆர்ஐ என்பது இந்திய மருத்துவ ஆய்வுகளின் பொதுப் பதிவேடு. இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். 'எங்கள் டாக்டர் சொந்தமாகச் செய்யும் ஆய்வு இது' என்று சொன்னாலும் எதிக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாமல் செய்ய முடியாது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதிகளை எதிக்ஸ் கமிட்டித் தலைவருக்கும், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் சென்னை மண்டல அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். டிஸ்சார்ஜுக்காகப் பணம் கட்டியே தீரவேண்டிய நிலை வந்தால், 'ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியார் மருத்துவமனை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கெடு 2 ஆண்டுகள். வக்கீல் ஃபீஸை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உங்கள் தங்கை பெயரில் மனு கொடுத்தால் போதும். அப்புறம், ஆய்விலிருந்து அவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஆனால் பி.பி. மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், வேறொரு மகப்பேறு மருத்துவரைப் பார்க்காமல் அதை நிறுத்திவிட வேண்டாம்.