பத்து நாள் அக்கா

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூரில் கணக்காளராக இருக்கிறேன். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். எங்கள் சபையிலிருந்து டிசம்பரில் ஒரு குழு பத்து நாள் ஊழியத்துக்குக் கம்போடியா போகிறது. அங்கே ஒரு அனாதை இல்லத்தில் தங்கி, பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தி, சுவருக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டு வருவதாகத் திட்டம். செலவை என்னாலேயே போட முடியும். ஆனால் எல்லாரும் ஆதரவுக் கடிதம் எழுதிப் பணம் திரட்டவேண்டும், அதுதான் விசுவாசம் என்கிறார் குழுத் தலைவர். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இது என் பெருமையா? நண்பன் ஒருவன் 'ஊர் சுற்ற ஊர்க்காசா' என்று கிண்டல் வேறு செய்கிறான்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

நண்பனை விடுங்கள். பெயிண்ட் அடிக்கக் கம்போடியாவில் ஆள் இல்லையா என்பதை எல்லாரும் கேட்டாயிற்று, நானும் கேட்கப்போவதில்லை. நீங்கள் தங்கப்போகும் இடம்தான் எனக்கு உறுத்துகிறது.

என் அம்மா திருநெல்வேலிப் பக்கம் ஒரு போர்டிங்கில் வார்டனாக இருந்தார்கள். நானும் அந்தப் பிள்ளைகளோடுதான் வளர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து குழு வருகிறதென்றால் பீரோவுக்குள் இருக்கும் நல்ல கவுன்கள் வெளியே வரும், குழு போன மறுநாள் துவைத்து மடித்துத் திரும்ப உள்ளே போய்விடும். அன்றைக்குக் கறிச்சோறு. வந்தவர்கள் நல்லவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு அக்கா, ஒரு சின்னப்பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கவே மாட்டாள், தலை சீவிவிடுவாள், போகிற அன்று வேன் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படி அழுதாள். அடுத்த வருஷம் வேன் வந்து நின்றதும் அந்தப் பிள்ளை ஓடிப்போய் இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. வந்தது வேறு அக்கா. அதற்கப்புறம் அது ஓடவில்லை. யார் வந்தாலும் போய் மடியில் உட்கார்ந்துகொள்ளும், யார் போனாலும் திரும்பிப் பார்க்காது. வந்தவர்களோ, 'என்ன பாசமான பிள்ளை, பார்த்தவுடனே ஒட்டிக்கொண்டது' என்று விருந்தினர் நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பிள்ளைக்கு அம்மா இருந்தாள், தம்பி. பக்கத்து ஊரில் பீடி சுற்றிக்கொண்டு.

கம்போடியாவிலும் இதேதான். 2011இல் அரசும் யுனிசெஃப்பும் சேர்ந்து பார்த்தபோது, இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்குக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருந்தார்கள். போர் முடிந்து எத்தனையோ வருஷம் கழித்து, 2005க்கும் 2010க்கும் நடுவில், இல்லங்கள் மட்டும் 154இலிருந்து 269 ஆகியிருந்தன. ஏன்? பள்ளிக்கூடமும் சோறும் கிடைக்கும் என்று ஏழைத்தாய் அனுப்புகிறாள், பிள்ளை இருக்கிற இடத்துக்குத்தான் உங்களைப்போன்றவர்கள் காசோடு வருகிறீர்கள். நீங்கள் வருவதால் இல்லம் நடக்கிறது, இல்லம் நடக்கவேண்டும் என்பதால் பிள்ளை வீட்டுக்குப் போகமுடியவில்லை. அந்தக் காசில் பாதி தாயின் கைக்குப் போயிருந்தால்? கம்போடியாவின் சுற்றுலா நகரமான சியெம் ரீப்பில் 'பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல' என்று பிரசாரமே செய்யவேண்டி வந்தது. 2010 ஹைத்தி நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு அமெரிக்கச் சபைக் குழு 33 பிள்ளைகளை அனாதைகள் என்று எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பார்த்துப் பிடிபட்டது. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தார்கள். குழுவினரும் ஜெபம்பண்ணிவிட்டுக் கிளம்பியவர்கள்தான்.

'மிஷனெரி ஏமி கார்மைக்கேல் பிள்ளைகளை வைத்து வளர்க்கவில்லையா' என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். அவர் பிள்ளைகளை வளர்த்த டோனாவூர் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? ஒருநாள் போய்ப் பாருங்கள். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951இல் அங்கேயே செத்துப்போகும்வரை ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. பிள்ளைகள் அம்மா என்று கூப்பிட்டார்கள், அந்த அம்மா வேன் ஏறவில்லை. பத்து நாள் லீவு போட்டு வருகிறவர்கள் அவரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

குறுகிய கால ஊழியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏழை நாடுகளுக்குப் போகும் மருத்துவமனைக் கப்பலான மெர்சி ஷிப்ஸில் போய்ச் சில வாரம் அறுவைச்சிகிச்சை செய்துவிட்டு வருகிற டாக்டருக்கு அந்தச் சில வாரம் போதும், வேலை அப்படி. நீங்களும் கணக்குத் தெரிந்தவர். அங்குள்ள சபைப் போதகருக்கு வரவுசெலவு எழுதச் சொல்லிக்கொடுங்கள், ஊருக்கு வந்தபிறகும் வாட்ஸ்அப்பில் திருத்திக்கொடுங்கள். யாரும் யாரையும் இடுப்பில் தூக்கவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும்போது திரையில் காட்டப் படம் இருக்காது, பரவாயில்லை.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கையில் இருந்தால் கைக்காசைப் போடுங்கள். அப்போஸ்தலன் பவுல் கூடாரம் செய்து பிழைத்தவர், உங்கள் தலைவருக்கு அதை ஞாபகப்படுத்தலாம். அப்படியே இன்னொன்றும் கேளுங்கள்: அந்த இல்லத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு அம்மா இருக்கிறாள், கடைசியாக எந்தப் பிள்ளை எப்போது வீட்டுக்குத் திரும்பிப் போனது? டிக்கெட் போடுவதற்கு முன்னால் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.