மசக்கை திடீரென்று நின்றால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு இது 12-வது வாரம். போன வாரம் வரை டீத்தூள் டப்பாவைத் திறந்தாலே குமட்டும், சோறு கொதிக்கிற வாசனைக்கு வெளியே ஓடிவிடுவேன். இப்போது ஒன்றுமே இல்லை, நன்றாகப் பசிக்கிறது. "மசக்கை இப்படிப் பட்டென்று நிற்கக் கூடாதே" என்று மாமியார் சொன்னதிலிருந்து தூக்கமே இல்லை. நாத்தனாருக்குக் கொடுத்த புரொஜெஸ்டிரோன் மாத்திரை வீட்டில் மீதி இருக்கிறது. போட்டுக்கொள்ளலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: மாத்திரையைத் தொடாதீர்கள் அம்மா. அது உங்களுக்குத் தேவையா என்று உங்களைப் பரிசோதித்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். மற்றபடி, உங்களுக்கு நடப்பது இந்த வாரங்களில் நிறைய பேருக்கு நடப்பதுதான்.

கரு கருப்பைச் சுவரில் ஒட்டியதும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். வீட்டில் டெஸ்ட் செய்தபோது வந்த இரண்டாவது கோடு அதனால் வந்ததுதான். முட்டை வெளியேறிய பிறகு சினைப்பையில் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் திசு உருவாகி புரொஜெஸ்டிரோனைச் சுரக்கும், கரு தங்காவிட்டால் இரண்டு வாரத்தில் அது சுருங்கி மாதவிலக்கு வந்துவிடும். கரு தங்கினால் எச்.சி.ஜி. அதைச் சுருங்க விடாது. கருப்பையின் உள்சுவரைக் கருவுக்கு ஏற்றபடி வைத்திருப்பதும், கருப்பைத் தசை இறுகாமல் பார்த்துக்கொள்வதும் புரொஜெஸ்டிரோனின் வேலை. (மலச்சிக்கலும் நெஞ்செரிச்சலும் வருகிறதா? அதுவும் இதே ஹார்மோன்தான், குடலையும் மந்தமாக்கிவிடும்.) சுமார் 7 முதல் 10 வாரத்துக்குள் நஞ்சுக்கொடி வளர்ந்து அந்தச் சுரப்பைத் தானே ஏற்றுக்கொள்ளும். எச்.சி.ஜி.யும் 8 முதல் 11 வாரம் வரை உச்சத்தில் இருந்துவிட்டு அப்புறம் இறங்கும். பலருக்கு மசக்கை குறைவதும் இந்தச் சமயத்தில்தான்.

ஆனாலும் வாந்தி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துக் குழந்தையின் நலத்தை எந்தப் பக்கமும் முடிவு செய்ய முடியாது. 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்க வேண்டிய ஸ்கேன் உங்களுக்கு இப்போதுதான் வருகிறது, தள்ளிப்போடாமல் இந்த வாரமே போய்வாருங்கள், முடிந்தால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு. துடிப்பைக் கண்ணால் பார்த்துவிட்டால் அவருக்கும் நிம்மதி. அதற்குள் ரத்தம் பட்டாலோ அடிவயிறு கடுமையாக வலித்தாலோ ராத்திரியாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், உங்கள் ஊர் கோத்தகிரி என்பதால். குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரியைச் சட்டியில் போட்டு அறைக்குள் வைக்கிற பழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நஞ்சுக்கொடியில் கலப்பதில்லை, மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான் ஓடுகின்றன. ஆக்சிஜன், சர்க்கரை, நோய் எதிர்ப்புப் புரதம் எல்லாம் அதைக் கடந்துதான் குழந்தைக்குப் போகும். ஆனால் கரி புகைந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் அதே வழியில் போய்விடும். அதற்கு வாசனை கிடையாது. தாய் தேறிய பிறகும் குழந்தையின் ரத்தத்திலிருந்து அது வெளியேற அதிக நேரம் ஆகும். கம்பளியைக் கூட ஒன்று போர்த்திக்கொள்ளுங்கள், கரி மட்டும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து யாராவது பீடி, சிகரெட் பிடித்தாலும் வெளியே போகச் சொல்லத் தயங்காதீர்கள்.

அப்புறம், நஞ்சுக்கொடி வளர வளர அதிலிருந்து வரும் இன்னும் சில ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. குழந்தைக்குச் சர்க்கரை தட்டாமல் கிடைக்க உடல் செய்யும் ஏற்பாடு அது, சிலருக்குத்தான் அளவு மீறிக் கர்ப்பகாலச் சர்க்கரை நோயாகிறது. முதல் செக்கப்பில் சர்க்கரை சரியாக இருந்தது என்று விட்டுவிடாமல் 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் கரைசல் குடித்துப் பார்க்கும் டெஸ்ட்டையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.