சாம்பல் நிறத்தில்தான் அழவேண்டுமா?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறேன். 2022-ல் இங்கே குன்ஸ்ட்ஹாலே அருங்காட்சியகத்தில் ஜெர்மானிய ஓவியர் எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் நையின் ஓவியங்களைப் பெரிய கண்காட்சியாக வைத்திருந்தார்கள். ஓவியம் பற்றி எதுவும் சொல்லத் தகுதியில்லாதவன் நான். நண்பர் கூப்பிட்டார் என்று போனேன். வட்டம் வட்டமாக அவர் வரைந்த படங்கள் இருந்த அறையை விட்டு வர மனம் வரவில்லை. 'சிவப்பிலும் நீலத்திலும் ஓர் இசைவு' என்ற 1958-ஆம் வருடப் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதை போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன், அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

இந்த வட்டங்கள் எதைக் குறிக்கின்றன, கிரகங்களையா, அணுக்களையா? என்னைப் போன்ற ஒருவன் இத்தகைய படத்தை எப்படிப் பார்க்கத் தொடங்குவது? படிக்க ஏதாவது புத்தகம் உண்டா?

பின்குறிப்பு: கூட வந்த ஜெர்மானிய நண்பருக்குப் படங்கள் பிடிக்கவில்லை. "ஐந்து வருடம் ஹிட்லரின் ராணுவத்தில் இருந்த ஆள். போர் முடிந்து ஒன்பதே வருடத்தில் இவ்வளவு சந்தோஷமான வட்டங்கள்! நாடு எல்லாவற்றையும் மறக்க நினைத்தது, இவர் அதற்கு அலங்காரம் செய்து கொடுத்தார்" என்றார். அவருடைய தாத்தா கிழக்குப் போர்முனையில் இறந்தவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் பிடித்துப்போனதே தப்போ என்றுகூடத் தோன்றியது.

கே., ஹாம்பர்க்

அன்புள்ள தம்பி,

பின்குறிப்பில் போட்டதைத்தான் நீங்கள் கடிதமாக எழுதியிருக்க வேண்டும். கொஞ்ச நாளாக என்னைக் குடைந்துகொண்டிருக்கும் விஷயம் அதுதான். மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

கிரகமும் இல்லை, அணுவும் இல்லை. ஐம்பதுகளில் அணு என்ற சொல் எல்லார் வாயிலும் இருந்தது, அதனால் வட்டத்தைக் கண்டவர்கள் அணு என்றார்கள். விட்டுவிடுங்கள். தகுதியில்லாதவன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தையை இனி எனக்கு எழுதாதீர்கள். ஒரு அறையை விட்டு வர மனமில்லாமல் நின்றவனுக்கு வேறு என்ன தகுதி வேண்டும்? புத்தகத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது உங்கள் நண்பர் சொன்னதற்கு வருவோம். அதில் பாதி உண்மை, அதைப் பூசி மெழுக நான் தயாராக இல்லை. நை 1940-ல் படைக்கு எடுக்கப்பட்டார், பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். ல மான் நகரத்தில் ராணுவ வரைபடப் பிரிவில் வேலை. பியர் து தெருவான் என்ற உள்ளூர்ச் சிற்பி தன் பட்டறையை அவருக்குத் திறந்துவிட்டார், நை அங்கே வரைந்தார். பிடிக்கப்பட்ட நாட்டில், பிடித்த நாட்டின் சீருடையோடு வந்தவருக்குக் கிடைத்த இடம் அது. இதே மனிதரின் இரண்டு படங்களைத்தான் 1937-ல் நாஜிகள் 'சீரழிந்த கலை' கண்காட்சியில் தொங்கவிட்டு ஊர் சிரிக்க வைத்தார்கள். அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய பத்துப் படங்கள் பறிமுதல் ஆயின. இரண்டும் ஒரே ஆளின் வாழ்க்கை. ஒன்றைச் சொல்லி மற்றதைக் கழுவ முடியாது.

போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனி அரூப ஓவியத்தை, அதாவது ஆளையோ பொருளையோ காட்டாமல் நிறமும் வடிவமும் மட்டுமே கொண்ட ஓவியத்தை, ஏன் அவ்வளவு ஆசையாகக் கட்டிக்கொண்டது என்ற கேள்வியும் நியாயமானதே. அரூபம் யாரையும் பார்த்து, நீ அப்போது எங்கே இருந்தாய் என்று கேட்பதில்லை. 1955-ல் காஸல் நகரில் தொடங்கிய டாகுமெண்டா என்ற நவீனக் கலைக் கண்காட்சிக்குக் கருத்துத் தந்தவர் கலை வரலாற்றாசிரியர் வெர்னர் ஹாஃப்ட்மன். நையைப் பற்றி 1960-ல் பெரிய நூல் எழுதியவரும் அவரே. அவர் நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்தது மிகவும் பிந்தித்தான் வெளியே வந்தது. 2021-ல் பெர்லினின் ஜெர்மன் வரலாற்று அருங்காட்சியகம் இதையெல்லாம் ஒரு கண்காட்சியாகவே வைத்தது. உங்கள் நண்பர் கோபப்படுகிறார் என்றால் அந்தக் கோபத்துக்கு ஆதாரம் இருக்கிறது.

ஆனால் அவர் கோபம் தவறான இடத்தில் போய் விழுகிறது. படத்தை வாங்கியவன், மாட்டியவன், புகழ்ந்து எழுதியவன் ஆகியோரின் கணக்கையெல்லாம் வரைந்தவன் தலையில் எழுதுகிறார். அதுகூடப் பரவாயில்லை. 'சந்தோஷமான வட்டங்கள்' என்கிறாரே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்று வலிக்கிறது. மஞ்சளும் சிவப்பும் இருந்தால் சந்தோஷம், சந்தோஷம் இருந்தால் மறதி. இந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தது?

அதே காலத்து ஜெர்மன் ஓவியர்களில் எமில் ஷூமாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கனத்த, கருத்த, கீறிக் கிழித்த பரப்புகள். அவர் முன்னால் நிற்பவர்கள் தானாகக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். போரின் காயம் என்று உடனே சொல்லிவிட முடிகிறது. ஷூமாக்கர் பெரிய ஓவியர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நான் கேட்பது பார்க்கிறவர்களைப் பற்றி. கறுப்பைக் கண்டால் ஆழம், ஆரஞ்சைக் கண்டால் மேலோட்டம் என்று முடிவு செய்துகொண்டு உள்ளே வருகிறவர் எந்த ஓவியத்தையும் பார்ப்பதில்லை. துக்கத்துக்குச் சீருடை தைத்துக் கையில் வைத்துக்கொண்டு, போட்டுக்கொள்ளாதவர்களைக் குற்றவாளி ஆக்குகிறார்.

எங்கள் பெரியம்மாவுக்கு நாற்பது வயதிலேயே பெரியப்பா போய்விட்டார். அதன்பிறகு அவள் கட்டவேண்டிய நிறங்களை ஊரே தீர்மானித்து வைத்திருந்தது. சந்தனம், சாம்பல், மிஞ்சிப்போனால் வெளிறிய நீலம். வருஷம் திரும்பியதும் ஒரு வளைகாப்புக்குக் கிளிப்பச்சைப் புடவையில், அரக்குக் கரையோடு, வந்து நின்றாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர் ஒருவர், "துக்கம் ஆறிடுச்சு போலிருக்கு" என்றார், அவள் காதில் விழும்படியாக. அந்தப் புடவை பெரியப்பா கடைசியாக வாங்கித் தந்தது என்ற மாதிரிக் கதை எதுவும் கிடையாது. அவளுக்கு அந்தப் பச்சை பிடித்திருந்தது. அவ்வளவுதான். அவள் துக்கம் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் ராத்திரிகளில் அவள் பக்கத்தில் படுத்திருந்தவள் நான். பச்சையை வைத்து அதை அளந்தவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. உங்கள் நண்பர் சொன்னதைப் படித்ததும் அதே பந்தியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

சரி, நண்பரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது வருடம் என்கிறார். அந்த ஒன்பது வருடத்தில் நை என்ன செய்தார் என்று பார்த்தாரா? பெர்லினில் இருந்த பட்டறை குண்டுவீச்சில் போய்விட்டது. 1945-ல் ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்திலுள்ள ஹோஃப்ஹைம் என்ற சிறு ஊரில் ஒதுங்குகிறார். ஹன்னா பெக்கர் ஃபோம் ராட் அங்கே அவருக்கு இடம் பார்த்துத் தருகிறார். தடை செய்யப்பட்ட ஓவியர்களின் படங்களை நாஜி காலத்திலேயே தன் பெர்லின் வீட்டில் ரகசியமாகக் காட்டிய பெண்மணி அவர். ஹோஃப்ஹைமில் நை வரைந்தவற்றை ஹெகாட்டே ஓவியங்கள் என்பார்கள், இரவோடும் பேய்களோடும் சேர்த்துப் பேசப்படும் கிரேக்கத் தெய்வத்தின் பெயரால். நெருக்கமாக, கனமாக, இருட்டுக்குள் நிறம் கனன்றுகொண்டிருக்கும் படங்கள். உடல்கள் பாதி தெரியும், பாதி நிறத்துக்குள் முழுகிக் கிடக்கும். 1948 வரை இதுதான். பிறகு மெல்லப் பரப்பு விரிகிறது. 1951-ல் கொலோன் போகிறார், 1954-ல் வட்டங்கள் வருகின்றன. இருட்டைத் தாண்டிக் குதித்தவர் என்றா இதைச் சொல்வது?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 'இது மனிதனில்லாத கலை' என்று ஐம்பதுகளிலேயே குரல் எழுப்பியவர்களில் ஒருவர் நையின் சொந்த ஆசிரியர், கார்ல் ஹோஃபர். நாஜிகள் 1933-ல் வேலையிலிருந்து துரத்திய மனிதர். அரூபத்தின் ஆதிக்கத்தைப் பற்றி விமர்சகர் வில் குரோமனோடு அவர் வெளிப்படையாக மோதியபோது, ஹோஃபர் தலைமையில் இருந்த ஜெர்மன் கலைஞர் கூட்டமைப்பிலிருந்து பௌமைஸ்டர், வின்டர் ஆகிய அரூப ஓவியர்களோடு நையும் வெளியேறினார். அது 1955. அதே வருடம் ஏப்ரலில் ஹோஃபர் இறந்துபோனார். தன்னைக் கைதூக்கிவிட்ட ஆசிரியருக்கு எதிராக, அவருடைய கடைசி மாதங்களில் போய் நிற்பது லேசான காரியம் இல்லை. வெறும் அலங்காரத்துக்காக ஒருவர் அதைச் செய்யமாட்டார் என்பது என் எண்ணம்.

இப்போது அந்த வட்டத்துக்கே வாருங்கள். முதலில் கோடு போட்டு உள்ளே நிறம் நிரப்பிய வட்டம் இல்லை அது. நிறம் தோய்ந்த தூரிகையைத் துணியில் வைத்துச் சுழற்றினால் என்ன கிடைக்குமோ அதுதான் வட்டம். நிறத்திலிருந்து வடிவம் பிறக்கவேண்டும் என்பதில் நை பிடிவாதமாக இருந்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் மயிர்களின் தடம் வளைவு வளைவாகத் தெரியும். தூரிகை எங்கே பதிந்தது, எங்கே திரும்பியது, எங்கே பூச்சு தீர்ந்து அடித்தளம் தலைகாட்டியது, எல்லாம் தெரியும். ஓரம் கத்தரித்த மாதிரி இருக்காது, சற்றுப் பிசிறும். அடுத்த வட்டம் இதை இடிக்காமல் ஒரு மயிரிழை முன்னால் நின்றுவிடும், அல்லது துணிந்து மேலே ஏறிவிடும். நின்றுவிட்ட இடத்தில் மிஞ்சுகிற மெல்லிய வெளிர்க்கீற்று இருக்கிறதே, படத்தின் மூச்சு அங்கேதான் ஓடுகிறது.

சிவப்பு முன்னால் வரும், நீலம் பின்னால் போகும். எந்த ஓவியனுக்கும் இது தெரியும். முன்னும் பின்னும் வந்துவிட்டால் பரப்பில் குழி விழுந்துவிடும், நிலக்காட்சி மாதிரி ஒரு ஆழம் உருவாகிவிடும். நைக்கு அது வேண்டாம். எல்லா நிறமும் ஒரே பரப்பில், சம அந்தஸ்தோடு நிற்கவேண்டும். அதற்கு என்ன செய்கிறார்? ஒரு நீலத்தைப் பெரிதாக்கி எடை ஏற்றுகிறார். ஒரு சிவப்பைச் சின்னதாக்கி, இரண்டு பேருக்கு நடுவில் இறுக்கி உட்கார வைக்கிறார். துள்ளுகிற மஞ்சளை ஒரு சாம்பல் வட்டத்தால் பிடித்து நிறுத்துகிறார். ஒன்றை மாற்றினால் மற்ற எல்லாவற்றுக்கும் திரும்பப் பதில் சொல்லியாகவேண்டும். நீங்கள் அந்த அறையில் நின்றபோது உங்களைப் பிடித்து வைத்தது இந்த இழுபறிதான். சந்தோஷம் என்று ஒரே சொல்லில் அதை முடித்துவிடுகிறவர் கண்ணைத் திறக்கச் சிரமப்படுகிறார் என்றுதான் நான் சொல்வேன், அவர் தாத்தாவின்மேல் எனக்குள்ள மரியாதையோடு.

வட்டங்களில் அவர் சுகமாகத் தங்கிவிடவும் இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் தன் வட்டங்களின் மேலேயே தூரிகையால் கிழித்துக் கோடு போடத் தொடங்கினார். அடித்த வட்டங்களுக்குள்ளிருந்து கண்கள் வந்தன. 1963, 64-ல் பெரிய பெரிய கண்கள், நம்மையே பார்த்துக்கொண்டு. 1964 டாகுமெண்டாவில், நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் அளவில் மூன்று படங்களை அதன் நிறுவனர் ஆர்னால்ட் போடே கூரையிலிருந்து சாய்வாகத் தொங்கவிட்டார். அதற்காக நை வாங்கிய அடி கொஞ்சமில்லை. காலம் போனவர் என்று எழுதினார்கள். அடுத்த வருடமே அறுபத்து மூன்று வயதில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, தூரிகைத் தடமே தெரியாத மெல்லிய தட்டைப் பூச்சில், செங்குத்தான புது வடிவங்களோடு மறுபடி ஆரம்பித்தார். 1968-ல் சாகும்வரை அப்படித்தான். மறக்க விரும்புகிற நாட்டுக்கு அலங்காரம் செய்து கொடுக்கிறவர், நன்றாக விற்றுக்கொண்டிருந்த வட்டங்களை ஏன் அடிக்கவேண்டும்? இதை நண்பரிடம் கேளுங்கள். கோபமாகக் கேட்காதீர்கள். தாத்தாவை இழந்த வீட்டில் வளர்ந்தவர், அவர் கேள்விக்கு அவருக்கு உரிமை இருக்கிறது. பதிலையும் அவரே எழுதிக்கொள்ளும் உரிமைதான் கிடையாது.

புத்தகம் கேட்டீர்கள். நை 1955-ல் நிறத்தைப் பற்றி எழுதிய சிறு நூல் ஒன்று உண்டு, கடினமானது, அதில் தொடங்காதீர்கள். அவர் லோஃபோடன் தீவுகளில் வரைந்த நீர்வண்ணப் படங்களைத் தேடிப் பாருங்கள். படங்கள் பறிமுதலான அதே 1937-ல், நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் கொடுத்த பண உதவியில் நார்வேக்குப் போய் வரைந்தவை. மலையும் மீனவர்களும் இருப்பார்கள், ஆனால் நிறம் அவர்கள் பேச்சைக் கேட்காது. அங்கிருந்து வட்டங்களுக்கு வரும் வழி உங்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம், போனில் இருக்கும் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். மயிர்த் தடமும் வெளிர்க்கீற்றும் அதில் விழுந்திருக்காது. அடுத்த முறை போகும்போது போனைப் பையோடு லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போங்கள்.

அன்புடன்,
அக்கா