வெளிவராத கேமின் மாதிரி கார்ட்ரிட்ஜ் கையில் இருக்கிறது: நகலெடுக்கலாமா?

கேள்வி: 1990களில் பாதியில் கைவிடப்பட்ட ஒரு வீடியோ கேமின் ப்ரோட்டோடைப் (வெளியீட்டுக்கு முந்தைய மாதிரி) கார்ட்ரிட்ஜை, அதாவது கேம் பதிந்த சிப்புகள் உள்ள பெட்டியை, அந்த நிறுவனத்தில் டெஸ்டராக இருந்தவரிடம் விலைக்கு வாங்கினேன். நிறுவனம் இப்போது இல்லை. இதை இணையத்தில் ஏற்றினால் பணம் திரட்டித் தருவதாகச் சிலர் சொல்கிறார்கள். நகலெடுத்தாலே மதிப்பு போய்விடும் என்கிறார்கள் வேறு சேகரிப்பாளர்கள். சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: முதலில், கார்ட்ரிட்ஜே உங்களுடையதா என்று பார்க்க வேண்டும். ப்ரோட்டோடைப்கள் பெரும்பாலும் டெஸ்டர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் இரவலாகக் கொடுக்கப்பட்டவை. திருப்பித் தராமல் வைத்துக்கொண்டவர், தனக்கே இல்லாத உரிமையை உங்களுக்கு விற்க முடியாது. தெரியாமல் வாங்கியவரைச் சில நாடுகளின் சட்டம் காப்பாற்றும், எல்லா நாடுகளும் அல்ல. நிண்டெண்டோ, சோனி கூட்டு முயற்சியில் உருவாகிக் கைவிடப்பட்ட பிளேஸ்டேஷன் கேம் கருவியின் மாதிரி 2020இல் 3,60,000 டாலருக்கு ஏலம் போனது. அது விற்றவர் கைக்கு வந்ததே, திவாலான ஒரு நிறுவனத்தின் பொருட்களை ஏலம் விட்டபோதுதான். வந்த வழிக்குச் சான்று இருந்தது. உங்களுக்கும் அது வேண்டும். எந்த ஆண்டு, யார் கொடுத்தது, திருப்பிக் கேட்டார்களா, ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருந்ததா என்று விற்றவரிடம் கையெழுத்திட்ட கடிதம் இப்போதே வாங்கிவிடுங்கள். சில வருடம் போனால் அவர் நினைவும் மங்கும், ஆளும் கிடைக்க மாட்டார்.

கார்ட்ரிட்ஜ் உங்களுடையதே ஆனாலும் உள்ளே இருக்கும் கேம் உங்களுடையது ஆகாது. நிறுவனம் மூடினால் பதிப்புரிமை மறைந்துவிடாது. மேசை நாற்காலியைப் போல அதையும் யாராவது வாங்கியிருப்பார்கள். நிறுவனத்துக்காக ஊழியர்கள் உருவாக்கி வெளிவராமல் போன படைப்புக்கு, அமெரிக்கச் சட்டம் உருவான ஆண்டிலிருந்து 120 ஆண்டுகள் பாதுகாப்பு தருகிறது. ஆகவே இணையத்தில் ஏற்றுவது உரிமை மீறல்தான். இலவசமாகக் கொடுத்தேன் என்பது வாதமாகாது. பணம் வாங்கினால் இன்னும் மோசம், பல நாடுகளில் குற்ற வழக்கே வரலாம். "இனி யார் வெளியிடப் போகிறார்கள்" என்றும் சொல்ல முடியாது. 1990களில் முடித்துக் கிடப்பில் போட்ட ஸ்டார் ஃபாக்ஸ் 2ஐ நிண்டெண்டோவே 2017இல் வெளியிட்டது.

நகலெடுத்து உங்களிடமே வைத்துக்கொள்வது வேறு விஷயம். நிரலின் பிரதிக்கு உரிமையாளராக இருப்பவர் காப்பு நகல் எடுக்க அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது; வேறு பல நாடுகளிலும் நிபந்தனையோடு உண்டு. கார்ட்ரிட்ஜை விற்கும்போது நகலும் கூடவே போக வேண்டும், அல்லது அழிக்கப்பட வேண்டும். என் கருத்தில் நகலை நீங்கள் உடனே எடுக்க வேண்டும். இத்தகைய மாதிரிகளில் கேம் பெரும்பாலும் எப்ரோம் என்ற, புற ஊதா ஒளியால் அழித்து மறுபடி எழுதக்கூடிய சிப்பில் மின்னூட்டமாகப் பதிந்திருக்கும். அந்த மின்னூட்டம் பல பத்தாண்டுகளில் மெல்லக் கசியும். அதன் கண்ணாடிச் சாளரத்தில் நேர் வெயில் பட்டால் ஒரு வாரத்திலேயே அழிந்துவிடலாம். எனவே மேலே ஒட்டிய லேபிளை உரிக்காதீர்கள். சாக்கெட்டில் இருக்கும் சிப்பைக் கழற்றும் முன் படம் எடுத்து, எது எந்த இடம், எந்தத் திசை என்று குறித்துக்கொள்ளுங்கள்; திசை மாற்றிச் செருகினால் சிப் எரிந்துபோகலாம். எப்ரோம் ரீடரில் ஒவ்வொரு சிப்பையும் குறைந்தது இரண்டு முறை படித்து ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீடு) ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் சிப்பின் உலோகக் கால்களில் படிந்த அழுக்குதான் காரணம். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மறுபடி படியுங்கள். ஒவ்வொரு சிப்பிலிருந்தும் படித்த கோப்புகளை ஒன்றுசேர்க்காமல் அப்படியே வையுங்கள்.

விலை விழும் என்று பயந்து அந்த ஒரே பிரதியை இருட்டில் சாக விடுவதைச் சட்டம் தடுக்காது. ஆனால் சிப் செத்த பிறகு விற்க என்ன இருக்கும்? வீடியோ கேம் வரலாற்றைப் பாதுகாக்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் போன்ற காப்பகத்திடம் நகலை எழுத்து ஒப்பந்தத்தோடு ஒப்படைக்கலாமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள், காப்பு நகலுக்கான அனுமதி இதற்குப் பொருந்தாமல் போகலாம். ஒப்படைத்தால்: பதிப்புரிமை உரிமையாளர் அனுமதிக்கும்வரை வெளியிடக் கூடாது, ஆய்வாளர்கள் அங்கேயே பார்க்கலாம், கார்ட்ரிட்ஜ் உங்களிடமே இருக்கும் என்று எழுதுங்கள். கூடவே இப்போதைய பதிப்புரிமை உரிமையாளரைத் தேடி அனுமதியும் கேளுங்கள். ஆனால் விற்றவரின் கடிதம் கைக்கு வரும் முன் எழுதாதீர்கள். உங்கள் கடிதமே கார்ட்ரிட்ஜைத் திருப்பிக் கேட்கக் காரணமாகலாம். அப்படிக் கேட்டால் எதையும் அழிக்காமல், அனுப்பாமல், உள்ளூர் வழக்கறிஞரைப் பாருங்கள்.